தவக்காலப் பாவசங்கீர்த்தனம்: ஆயத்தத்திலிருந்து பரிகாரம் வரை

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலால் சிலுவை வரையும் குருவானவர் "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்கிறார். அல்லது மனிதன் மண்ணாய் இருக்கிறான், மண்ணுக்கே திரும்புவான் என்னும் தொடக்க நூலின் வாக்கை நினைவூட்டுகிறார். அந்தச் சாம்பல், முந்திய ஆண்டு குருத்து ஞாயிறன்று நாம் கையில் ஏந்திய ஓலைகளை எரித்து எடுத்தது. அன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் யோவேல், உடைகளைக் கிழிக்க வேண்டாம், இதயத்தைக் கிழித்துக்கொண்டு ஆண்டவரிடம் திரும்பி வாருங்கள் என்று அழைக்கிறார். இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கோவில் வாசலைத் தாண்டியதும் நம்மிடையே எழும் பேச்சோ, பெரும்பாலும் எந்தெந்த நாளில் கறி சமைக்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தவக்காலத்தின் நடுவில் இருக்க வேண்டியது ஒரு நேர்மையான பாவசங்கீர்த்தனமும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுதல்), அதைத் தொடர்ந்து நாம் கெடுத்ததைச் சரிசெய்யும் முயற்சியும்தான் என்பதும், நோன்பு, சிலுவைப்பாதை, பாதயாத்திரை, காணிக்கை ஆகிய அனைத்தும் அவ்விரண்டுக்கும் துணை நிற்பவை என்பதும் இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. கத்தோலிக்கத் திருச்சபையின் வழக்கப்படியே இது எழுதப்பட்டுள்ளது. தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபையிலும் லெந்து எனப்படும் தவக்கால நாட்களைக் கடைப்பிடிப்போர் தனி அறிக்கைக்குப் பதிலாகத் திருவிருந்துக்கு முன் பொது அறிக்கை செய்வதால், குருவிடம் செல்வதைப் பற்றிய பகுதி மட்டும் அவர்களுக்குப் பொருந்தாது. பல ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனமே செய்யாதவர்களையும், முதல் நன்மைக்கு (முதன்முறை நற்கருணை பெறுவதற்கு) முன் மனப்பாடம் செய்த வார்த்தைகள்கூட மறந்துபோய் அதனாலேயே தயங்கி நிற்பவர்களையும் மனத்தில் வைத்தே இங்குப் பலவும் சொல்லப்படுகின்றன.

எப்போது தொடங்குவது

திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை 46 நாட்கள் உள்ளன. அவற்றில் வரும் 6 ஞாயிறுகளும் உயிர்ப்பின் நாட்கள் என்பதால் நோன்பில் சேராமல், மீதி நாற்பதாகிறது. தொடக்கத் திருச்சபையில் இக்காலம் இரு வகையினருக்கு உரியதாயிருந்தது: பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்திய இரவில், திருமுழுக்குப் பெறவிருந்தவர்களும், கொடிய பாவம் செய்து திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டு மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படக் காத்திருந்தவர்களும். உரோமையில் அந்தப் பாவிகள் தவக்காலத் தொடக்கத்தில் வெளிப்படையான தவ வாழ்வுக்கு அனுப்பப்பட்டுப் பெரிய வியாழனன்று மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். பின்னர் சாம்பல் பூசும் வழக்கம் எல்லா இறைமக்களுக்கும் உரியதாயிற்று. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கடமையாக்கியது. இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் (எண் 989) சாவான பாவங்களை, அதாவது கனமான பாவங்களைப் பொறுத்தவரை அக்கடமை நீடிக்கிறது.

நம் பங்குகளில் பெரும்பாலோர் அந்த ஒரு முறையைப் புனித வாரத்துக்கு ஒத்திவைக்கிறார்கள். அது நல்ல முடிவன்று. பெரிய வியாழனுக்கு முந்திய மாலைகளில் வரிசை நீண்டு நிற்கும், குருவானவர் களைத்திருப்பார், பின்னால் நிற்பவர்களை எண்ணி நாமும் இரண்டே நிமிடங்களில் முடித்துக்கொண்டு எழுவோம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: பாவமன்னிப்புப் பெற்றபின் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும், போய்ப் பார்க்க வேண்டிய அண்ணனும், திருத்திச் சொல்ல வேண்டிய அவதூறும் இருக்குமானால், அவற்றுக்கு நாட்கள் தேவை. ஆகவே முதல் இரண்டு வாரங்களை ஆன்ம சோதனைக்கு (நம் பாவங்களை நினைத்துப் பார்ப்பதற்கு) ஒதுக்கி, மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, மீதியுள்ள வாரங்களைப் பரிகாரத்துக்கு வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. தவக்கால நான்காம் ஞாயிறுக்கு முந்திய வெள்ளி, சனியில் ஒப்புரவுக்காகவே, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்காகவே, கோவில்களைத் திறந்து வைக்கும் 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' என்னும் முயற்சியைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் தொடங்கினார். அது நடைபெறும் இடங்களில் இந்தக் கணக்குக்குச் சரியாக அமைகிறது. பங்கில் தவக்காலத் தியானம் நடக்கும் நாட்களில் வெளியிலிருந்து வரும் குருக்களும் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள்.

ஆன்ம சோதனை

அவசரப்பட்டால் மற்ற அனைத்தும் கெட்டுப்போவது இந்த ஒரு பகுதியில்தான். படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், கோவிலுக்குப் போகவில்லை" என்று நினைவுகூர்வதை ஆன்ம சோதனை என்று சொல்ல இயலாது. அது சிறு வயதில் பழகிய பட்டியல். நாற்பது வயதிலும் அதையே ஒப்பிப்பவர், நாற்பது வயதில் செய்யக்கூடிய பாவங்களைப் பற்றி இன்னும் யோசிக்கவில்லை என்றுதான் பொருள்.

ஒரு மாலையில் தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முடிந்தால் நற்கருணைப் பேழையின் முன்னோ வீட்டுப் பீடத்தின் முன்னோ அமர்ந்து, முதலில் தூய ஆவியிடம் ஒளி கேட்டுச் செபியுங்கள். பிறகு 51ஆம் திருப்பாடலை மெதுவாக வாசியுங்கள். தாவீது பத்சேபாவை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவைத்தபின், இறைவாக்கினர் நாத்தான் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்ல, அந்தச் செல்வன் மீது அரசன் சீறியதையும், நாத்தான் அவனிடமே "நீயே அம்மனிதன்" என்றதையும் சாமுவேல் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரம் பதிவு செய்திருக்கிறது. அத்திருப்பாடலின் தலைப்பு அதை அந்த நிகழ்வோடுதான் இணைக்கிறது. பிறருடைய குற்றம் நமக்கு உடனே தெளிவாகத் தெரிவதையும், அதே குற்றம் நம்மிடம் இருக்கையில் கண்ணில் படாததையும் இவ்வளவு கூர்மையாகச் சொல்லும் பகுதி விவிலியத்தில் அதிகம் இல்லை.

பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது பழைய வழி, இன்றும் நல்ல வழி. அதனோடு இன்னொரு முறையையும் சேர்த்துக்கொள்ளலாம்: உங்கள் வாழ்வில் இருக்கும் மனிதர்களை ஒருவர்பின் ஒருவராக நினைத்து, இவருக்கு நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று கேட்பது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், வயதான பெற்றோர், உடன்பிறந்தோர், மாமியார், மருமகள், வீட்டு வேலைக்கு வருபவர், கடையில் கூலிக்கு நிற்பவர், அலுவலகத்தில் கீழே இருப்பவர், பேச்சுவார்த்தை இல்லாத உறவினர் என வரிசை நீளும். கட்டளைகளை வைத்துப் பார்க்கையில் "பெரிதாக ஒன்றுமில்லை" என்று தோன்றுகிறவர்களுக்கு, இம்முறையில் பக்கம் நிரம்பிவிடும். குறிப்பாகச் செய்யத் தவறியவை இப்படித்தான் வெளியே வரும். திருப்பலித் தொடக்கத்தில் நாம் சொல்லும் மன்றாட்டும் கடமையில் தவறியதைச் சேர்த்தே அறிக்கையிடுகிறது.

நம் ஊர்ச் சூழலில் பலரும் பாவமென்றே கணக்கில் எடுத்துக்கொள்ளாத சில உண்டு. சொத்துப் பிரிப்பில் தங்கையின் பங்கைப் பேசாமல் எழுதி வாங்கிக்கொண்டது; மகன் கல்யாணத்தில் பெண் வீட்டாரைக் கடனில் தள்ளியது; அவசரத்துக்கு வந்தவனிடம் கந்துவட்டி வாங்கியது; வேலையாளின் கூலியைப் பிடித்துவைத்தது, அதுவும் அறுவடைக் கூலியைப் பிடித்தால் அந்தக் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டும் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் சொல்லியிருக்க; உண்மையா என்று பாராமல் ஒருவரைப் பற்றிய செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியது; தனிமையில் கைப்பேசியில் பார்ப்பவை; குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டியது. இவற்றோடு சாதி. ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களைத் தனிக் கல்லறையில் புதைத்ததும், தேர் வரும் தெருவை வைத்துச் சண்டையிட்டதும், மகள் காதலித்த கத்தோலிக்கப் பையனை அவன் சாதிக்காக மட்டும் மறுத்ததும் தமிழகத் திருச்சபையின் வரலாற்றில் உள்ளவை. 2003 நவம்பரில் தமிழகத்திலிருந்து உரோமைக்கு வந்த ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவர்களிடையே சாதி சார்ந்த பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிர்ச்சாட்சி என்றும் நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்றும் வெளிப்படையாகக் கூறினார். ஆனாலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதைச் சொல்பவர்கள் அரிது என்றே நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை முட்டை சாப்பிட்டதைச் சொல்ல மறக்காதவர்கள்கூட இதைச் சொல்ல நினைப்பதில்லை.

ஒரு தாளில் குறித்துக்கொள்வதில் தவறில்லை. சாவான பாவங்களை அவற்றின் வகையோடும், நினைவில் உள்ளவரை எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்று சட்டம் (எண் 988) கேட்பதால், "பலமுறை" என்பதைவிட "ஏறக்குறைய வாரம் ஒரு முறை, இரண்டு ஆண்டுகளாக" என்பது உதவும். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது சாவான பாவம். அவ்வளவு கனமில்லாத அற்பப் பாவங்களையும் சொல்வது நன்று, ஆனால் அவற்றின் எண்ணிக்கையில் மூழ்க வேண்டியதில்லை. குறிப்பெழுதிய தாளைப் பிறர் கண்ணில் படாமல் வைத்திருந்து, முடிந்ததும் எரித்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் பாவமோ என்று அஞ்சி, முன்பு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் இயல்புள்ளவர்களுக்கு மேலே கூறிய நீண்ட சோதனை ஏற்றதன்று. அவர்கள் ஒரே குருவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அவர் போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மனஸ்தாபம்

பட்டியல் தயாரானதும் பலருக்கு ஒரு கவலை வருகிறது: அழுகை வரவில்லையே, வருத்தமே இல்லையே என்று. மனஸ்தாபம் என்பது உணர்ச்சியின் அளவைப் பொறுத்ததன்று. செய்த பாவத்தை வெறுத்து, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிக்கும் மனநிலையையே திருச்சபையின் மறைக்கல்வி அப்பெயரால் குறிக்கிறது. கடவுளின் அன்பை எண்ணி வருந்துவது உத்தம மனஸ்தாபம். தண்டனைக்கு அஞ்சியோ பாவத்தின் அருவருப்பை உணர்ந்தோ வருந்துவது அதைவிடக் குறைந்ததென்றாலும், அதுவும் இறைவனின் கொடையே; பாவசங்கீர்த்தனத்துக்கு வர அதுவே போதும். ஆகவே கண்ணீருக்காகக் காத்திருந்து நாளைத் தள்ளாதீர்கள்.

தவக்காலத்தின் இறுதியில் நாம் கேட்கும் பாடுகளின் வரலாற்றில், ஒரே இரவில் இருவர் ஆண்டவரைக் கைவிடுகிறார்கள். யூதாசும் மனம் வருந்துகிறான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கிறான். "மாசற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன்" என்று வாயாலேயே அறிக்கையிடுகிறான். ஒரு பாவசங்கீர்த்தனத்தில் இருக்க வேண்டியவற்றுள் முக்கால்வாசி அங்கே இருக்கிறது. ஆனால் அவன் அதைத் தலைமைக் குருக்களிடம் கொண்டுபோனான், "அதைப்பற்றி எங்களுக்கு என்ன?" என்றார்கள் அவர்கள், பிறகு அவன் தனியே போய்விட்டான். பேதுருவோ சேவல் கூவியதும் ஆண்டவர் திரும்பித் தம்மைப் பார்த்ததைக் கண்டு, வெளியே போய் மனம் கசந்து அழுதார். பின்னர் உயிர்த்தவரிடமே வந்து நின்றார். இருவரின் வருத்தத்திலும் எது ஆழமானது என்று அளக்க நம்மால் இயலாது, அவசியமும் இல்லை. யாரிடம் போனார்கள் என்பதே இருவரையும் பிரிக்கிறது. தன்னைத் தானே வெறுத்துக்கொண்டு பல ஆண்டுகளாகக் கோவிலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: உங்கள் வருத்தத்தில் குறையில்லை, அதை எடுத்துக்கொண்டு போகும் இடம்தான் மாற வேண்டும். லூக்கா 15ஆம் அதிகாரத்தின் இளைய மகனும் பன்றித் தொழுவத்தில் பசித்ததால்தான் தந்தையை நினைத்தான். அந்த நோக்கம் அப்படியொன்றும் உயர்வானதன்று, ஆனாலும் தந்தை ஓடிவந்தார்.

தீர்மானம் பொதுவாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. "இனிக் குடிக்க மாட்டேன்" என்பதற்குப் பக்கத்தில், எந்த நண்பரின் கடையில் உட்கார்வதை நிறுத்துவது, சம்பள நாளன்று யார் கையில் பணத்தைக் கொடுப்பது, எந்த மருத்துவமனையிலோ ஆதரவுக் குழுவிலோ உதவி கேட்பது என்பதையும் எழுதுங்கள். பாவ வாய்ப்பை விலக்குவது என்று நம் பழைய மறைக்கல்வி சொன்னது இவ்வளவுதான்.

நோன்பும் தருமமும்

சட்டம் கேட்பது மிகக் குறைவு. 14 வயது நிறைந்தவர்கள் தவக்கால வெள்ளிகளில் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும்; 18 வயது நிறைந்தவர்கள் முதல் 60ஆம் வயதைத் தொடங்கும் வரை, திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்டு, காலையும் மாலையும் வேண்டுமானால் சிறிது உண்ணலாம். சுத்தபோசனம், ஒருசந்தி என்று நம் பாட்டிமார் சொன்னவை இவையே. சர்க்கரை நோயாளிகள், கருவுற்றோர், பாலூட்டுவோர், வெயிலில் கடும் உடலுழைப்புச் செய்வோர் இதற்காக உடலை வருத்த வேண்டியதில்லை.

நாற்பது நாளும் மீன், முட்டை உட்பட விலக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. அது தாமாக ஏற்றது, மதிக்கத்தக்கது. ஆனால் இறைச்சி இல்லையென்று வெள்ளிக்கிழமை இறாலும் வஞ்சிரமும் வாங்கிக் கறியைவிட அதிகச் செலவில் விருந்து சமைப்பது சட்டத்தை மீறாமலே நோன்பைக் கேலிக்குள்ளாக்குகிறது. எசாயா 58ஆம் அதிகாரம் நோன்பை நுகத்தடிகளை உடைப்பதோடும், பசித்தவரோடு உணவைப் பகிர்வதோடும் சேர்த்தே பேசுகிறது. எனவே தவிர்த்த உணவின் விலையை அன்றன்றே தனியாக எடுத்து வையுங்கள். பங்கில் தரும் தவக்கால உண்டியலோ, காரித்தாஸ் இந்தியா நடத்தும் தவக்கால இயக்கமோ, உங்கள் தெருவில் அடுப்பெரியாத வீடோ, அதற்கு ஓர் இடம் இருக்கட்டும். எதைத் துறப்பது என்பதையும் ஆன்ம சோதனையே முடிவு செய்யட்டும். நாவால் பிறரைக் காயப்படுத்துபவர் இனிப்பைத் துறந்து என்ன பயன்?

குருவிடம் செல்லுதல்

சொந்தப் பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குச் செல்வதில் எந்தத் தடையும் இல்லை. வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலங்களுக்குப் பலர் இதற்காகவே செல்கிறார்கள். முகம் தெரியாதபடி திரைக்குப் பின்னிருந்து சொல்லவும் உரிமை உண்டு. கேட்டதை எவ்வகையிலும், எக்காரணத்துக்காகவும் வெளிப்படுத்தக் கூடாது என்னும் முத்திரை குருவைக் கட்டுகிறது (சட்ட எண் 983). அதை நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்படுகிறார். நெடுங்காலம் கழித்து வருபவர்கள் ஞாயிறு திருப்பலிக்கு முந்திய பத்து நிமிடங்களை நம்பாமல், தனியாக நேரம் கேட்டுச் செல்லுங்கள். அலுவலகத்தில் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "ஃபாதர், உங்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும்" என்றால் போதும்.

உள்ளே சென்றதும் சிலுவை அடையாளம் வரைந்து, "என்னை ஆசீர்வதியும் ஃபாதர், நான் பாவி. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து இவ்வளவு காலம் ஆகிறது" என்று தொடங்குங்கள். மறந்துபோயிருந்தால் "எப்படிச் சொல்வதென்று மறந்துவிட்டது, உதவுங்கள்" என்பதே நல்ல தொடக்கம். எந்தக் குருவும் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. திருமணமானவரா, என்ன தொழில் என்பதைச் சொன்னால் அவருக்கு அறிவுரை கூற எளிதாகும். சொல்லக் கடினமானதை முதலில் சொல்லிவிடுங்கள். அதைக் கடைசிக்கு வைத்தால் நாக்கு பின்வாங்கிவிடும். சூழ்நிலையையும் நியாயத்தையும் நீட்டாமல், மனைவி என்ன செய்தாள், மாமியார் என்ன சொன்னார் என்ற கதைக்குள் போகாமல், உங்கள் செயலை உங்கள் செயலாகவே சொல்லுங்கள். அறியாமல் மறந்த பாவம் மற்றவற்றோடு மன்னிக்கப்படுகிறது, பின்னர் நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லலாம். தெரிந்தே மறைத்த சாவான பாவமோ முழுப் பாவசங்கீர்த்தனத்தையும் செல்லாததாக்கிவிடுகிறது.

அறிவுரைக்குப் பின் குருவானவர் பரிகாரம் ஒன்று தருவார். புரியாவிட்டால் கேளுங்கள், உடல்நிலையாலோ வேறு காரணத்தாலோ செய்ய இயலாது என்றால் அங்கேயே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு உத்தம மனஸ்தாப மந்திரம்; அது தெரியாதவர் தம் சொந்த வார்த்தைகளில் மன்னிப்புக் கேட்கலாம். அவர் கையை நீட்டிப் பாவமன்னிப்பு வழங்கும்போது வேறு எதையும் முணுமுணுக்காமல் அந்த வார்த்தைகளைக் கேட்டு, "ஆமென்" என்று சொல்லுங்கள்.

திருச்சபைக்கு வெளியே திருமணம் செய்தவர்கள், மணமுறிவுக்குப்பின் மறுமணம் செய்தவர்கள் ஆகியோருக்குப் பாவமன்னிப்பும் நற்கருணையும் தொடர்பான கேள்விகள் வரிசையில் நின்று தீர்வதில்லை. அவர்கள் தவக்காலத் தொடக்கத்திலேயே பங்குத்தந்தையைச் சந்தித்துப் பேசினால், சில நேரங்களில் எளிதில் சரிசெய்யக்கூடிய நிலை என்பது தெரியவரும். எழுந்து நடமாட முடியாத முதியோருக்காகப் பங்கு அலுவலகத்தில் சொன்னால் குருவானவர் வீட்டுக்கே வருவார். புனித வாரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பரிகாரம்

மரியாவை நோக்கிய அருள்நிறை மந்திரத்தை மூன்று முறை சொல்லிவிட்டு எழுந்தால் பரிகாரம் முடிந்தது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, ஆனால் பாவம் விளைவித்த எல்லாக் கேட்டையும் சரிசெய்துவிடுவதில்லை என்றும், திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரை மீட்க வேண்டும், ஏற்படுத்திய காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்றும் மறைக்கல்வி (எண் 1459) திட்டவட்டமாகச் சொல்கிறது. சக்கேயு தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றி வாங்கியதற்கு நான்கு மடங்காகவும் தருவதாக அறிவித்தபோது, மீட்பு இவ்வீட்டுக்கு வந்தது என்றார் இயேசு.

பணம் என்றால் கணக்குப் போடுங்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது. ஒரே முறையில் தர இயலாவிட்டால் தவணையாகத் தரலாம். உரியவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்கு. யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்கு. தன்னை வெளிப்படுத்தினால் வேலையோ குடும்பமோ சிதறும் என்ற நிலையில் பெயர் சொல்லாமல், வேறொருவர் வழியாகத் திருப்பித் தரவும் திருச்சபை மரபு இடமளிக்கிறது. எதைக் கோவில் உண்டியலில் போட்டாலும் அது உரியவருக்குச் சேர்ந்த கணக்கில் வராது. உரியவர் உயிரோடு அடுத்த தெருவில் இருக்கையில் காணிக்கை செலுத்தி மனத்தைத் தேற்றிக்கொள்வதை, கோவில் வரவுக்கு அது எவ்வளவு உதவினாலும், நியாயம் என்று சொல்ல முடியாது.

அவதூறு என்றால், எங்கே பரப்பினீர்களோ அங்கேயே திருத்துங்கள். குழுவில் அனுப்பியிருந்தால் அதே குழுவில், "நான் அனுப்பியது தவறு, சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன்" என்று எழுதுவது கசக்கும். சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் தனியே மன்னிப்புக் கேட்பது எளிது, ஆனால் அவர் பெயர் கெட்டது நூறு பேர் முன்னிலையில்.

பேச்சு நின்றுபோன உறவு என்றால் மத்தேயு 5ஆம் அதிகாரம் வழி சொல்கிறது: சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று பீடத்தின் முன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. அவன்மேல் உனக்கு மனத்தாங்கல் இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் அடியை வைப்பவர் யார் குற்றம் பெரியது என்ற விசாரணையைத் தொடங்காமல், தம் பங்குக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போவது நம் வழக்கம், அது பெரும்பாலும் நன்மையே செய்கிறது. மற்றவர் கதவைத் திறக்காவிட்டாலும் உங்கள் கடமை நிறைவேறிவிட்டது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை முயலலாம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். தம்மை அடித்தவரிடம், துன்புறுத்தியவரிடம் திரும்பிப் போய் வாழ வேண்டும் என்று ஒப்புரவின் பெயரால் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மனத்தில் பழி வாங்கும் எண்ணத்தை விடுவது வேறு, ஆபத்துக்குள் திரும்பிச் செல்வது வேறு. மற்றொன்று, துணைவருக்குத் தெரியாத துரோகத்தைத் தவக்கால உருக்கத்தில் ஓரிரவில் வீட்டில் கொட்டிவிடுவதற்குமுன், அதைச் சொல்வது யாருடைய பாரத்தை இறக்குகிறது, யார் தலையில் ஏற்றுகிறது என்பதைப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

பாஸ்கா திருவிழிப்பில் எரியும் திரியைக் கையில் பிடித்தபடி திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது, சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விக்கு "விட்டுவிடுகிறோம்" என்கிறோம். மேலே சொன்ன வேலைகளில் இரண்டொன்று பாக்கியிருந்தாலும் அந்தப் பதிலைத் தயங்காமல் சொல்லலாம். பாக்கியை உயிர்ப்புக் காலத்தில் தொடரலாம். அதே பாவத்தில் மீண்டும் விழுந்தால் அடுத்த தவக்காலத்துக்குக் காத்திராமல் அந்த மாதமே, முடிந்தால் அதே குருவிடமே செல்லுங்கள். தீர்மானத்தில் எந்தப் பகுதி நின்றது, எது உடைந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று அவரால் குறிப்பாகச் சொல்ல முடியும்.